செஸ்னா 150 (ரெண்டு சீட்டு குட்டி விமானம்) வாங்கலாமா? 1969 மாடல், 29,500 டாலர்

#1 வைகைக்காற்று | 2025 ஜூன் 7

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க வாசிக்க மட்டும் செஞ்சேன், இதுதான் முதல் பதிவு.

டல்லாஸ் பக்கம் பிரிஸ்கோவுல இருக்கேன். போன வருஷம் பிரைவேட் பைலட் லைசென்ஸ் முடிச்சேன். இதுவரைக்கும் 94 மணி நேரம். வாடகைக்கு செஸ்னா 152 (150-க்கு அடுத்து வந்த மாடல்) எடுத்துதான் ஓட்டறேன், பெட்ரோல் சேர்த்து மணிக்கு 145 டாலர். சனி ஞாயிறுன்னா ரெண்டு வாரம் முன்னாடியே புக் பண்ணணும். புக் பண்ணின அன்னைக்குக் காத்து அடிக்கும். காத்து அடங்கின அன்னைக்கு விமானம் வேற யார் கையிலயாவது இருக்கும்.

ஒக்லஹோமாவுல ஒரு விளம்பரம் பார்த்தேன். செஸ்னா 150ஜே, மொத்தம் 6,840 மணி ஓடியிருக்கு. என்ஜினை ஓவர்ஹால் (முழுசா பிரிச்சுப் புதுப்பிக்கறது) பண்ணினதுக்கு அப்புறம் 1,120 மணி. காலி எடை 1,128 பவுண்டு. ஏடிஎஸ்-பி (விமானம் எங்க இருக்குன்னு தானா ஒலிபரப்பற கருவி) இல்லை. பெயிண்ட் சுமார். விலை 29,500. என் காரை விடக் குறைச்சல்ங்க! வீட்டுல காட்டினேன். "நமக்கு முன்னாடி பிறந்த வண்டியிலயா என்னை ஏத்தப் போறீங்க"ன்னு கேட்டுட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க. அது சம்மதமா மறுப்பான்னு இன்னும் தெரியல.

வச்சிருக்கறவங்க சொல்லுங்க. வாங்கலாமா? எதைப் பார்க்கணும்?

#2 கரிசல்குருவி | 2025 ஜூன் 7

வாங்க தம்பி. நான் ஆஸ்டினுக்குத் தெக்க இருக்கேன். 1975 மாடல் 150எம் ஒண்ணு, பதினோரு வருஷமா எங்கிட்ட இருக்கு. பிறந்தது கோவில்பட்டிப் பக்கம். அங்கன ஒரு பேச்சு உண்டு, ஆனை அசைஞ்சு தின்னும், வீடு அசையாமத் தின்னும்னு. விமானம் ரெண்டு விதமாவும் தின்னும்.

போன வருஷத்து நோட்டுல எழுதி வச்சதை அப்படியே போடுதேன்.

திறந்த வெளியில கயிறு போட்டுக் கட்டுத இடத்துக்கு மாசம் 95, வருஷத்துக்கு 1,140. இன்ஷூரன்ஸ் 780. வருஷாந்திர சோதனை 1,600, ரெண்டு டயரும் ஒரு பிரேக் சிலிண்டரும் அதுல அடக்கம். பேட்டரி, பல்பு, மேப் சந்தான்னு சில்லறை 700. ஆக 4,220 டாலர். இது விமானம் தரையை விட்டு எந்திரிக்காமலே ஆகுத செலவு.

எந்திரிச்சா மணிக்கு அஞ்சரை காலன் குடிக்கும். எங்க ஊர்ல காலன் 6.10, அது ஒரு 33.50. ஆயிலுக்கு 3. என்ஜின் ஓவர்ஹாலுக்குன்னு 17 ஒதுக்குதேன். 1,800 மணிக்கு ஒருக்கா செய்யணும்னு கம்பெனி கணக்கு, எனக்குச் சொன்ன விலை 30,000 பக்கம். கூட்டினா மணிக்கு 53.50.

நான் வருஷத்துக்கு 80 மணி பறக்கேன், எனக்கு மணி 106 டாலர் ஆகுது. அதே விமானத்தை 30 மணி மட்டும் பறந்தா 194. உங்க 145 டாலர் வாடகைக்குச் சமமா வரணும்னா வருஷம் 46 மணி பறக்கணும். போன வருஷம் எத்தனை மணி பறந்தீங்க? பாடம் படிச்ச மணியைக் கழிச்சிட்டுச் சொல்லுங்க.

#3 வைகைக்காற்று | 2025 ஜூன் 7

அண்ணா... பாடத்தைக் கழிச்சா 22 மணி.

ஆனா சொந்தமா இருந்தா அதிகமா பறப்பேன் இல்லையா?

#4 அரைடிக்கெட் | 2025 ஜூன் 7

> சொந்தமா இருந்தா அதிகமா பறப்பேன் இல்லையா?

வீட்டுல டிரெட்மில் இருக்கா உங்ககிட்ட?

#5 கரிசல்குருவி | 2025 ஜூன் 8

அரைடிக்கெட், அவரைக் கிண்டல் பண்ணாதீக. அவர் சொல்லுததுல பாதி நிசம். சாயந்தரம் ஆறு மணிக்கு வேலை முடிச்சு, ஏழு மணிக்கு ஒருத்தர் கிட்டயும் கேக்காம ஏறி அரை மணி சுத்திட்டு வர்றது வாடகைக்காரனுக்குக் கிடையாது. சனிக்கிழமை ஃபிரெடெரிக்ஸ்பர்க் போவேன். ஓடுதளத்தை ஒட்டியே சாப்பாட்டுக் கடை இருக்கு. பறந்து போற செலவையும் சேர்த்து வெள்ளைக்காரங்க இதை நூறு டாலர் ஹாம்பர்கர்ம்பாங்க. நான் வடை கட்டிக்கிட்டுப் போறதுனால எனக்கு நூறு டாலர் மெதுவடை.

#6 தட்டாரப்பூச்சி | 2025 ஜூன் 8

ஒஹையோவுல பகுதி நேரமா பாடம் சொல்லித் தர்றேன். என் மாணவர்கள்ல பாதிப் பேரு 150, 152-லதான் முதல் தடவை தனியாப் பறந்தாங்க. பணக்கணக்கை அண்ணா போட்டுட்டார், நான் எடைக்கணக்கு போடறேன். இதை யாருமே விளம்பரம் பார்க்கும்போது போடறதில்ல.

150ஜே அதிகபட்ச எடை 1,600 பவுண்டு. நீங்க சொன்ன காலி எடை 1,128. மிச்சம் 472. இதுக்குள்ள ரெண்டு ஆளு, பை, எரிபொருள் எல்லாம் அடங்கணும். சாதா டேங்கு ரெண்டுலயும் சேர்த்துப் பயன்படுத்த முடிஞ்சது 22.5 காலன், காலன் 6 பவுண்டு, அது 135.

உங்க எடை, வீட்டுல அவங்க எடை (கேட்காமலே மதிப்புப் போடுங்க, உயிர் முக்கியம்), ஒரு கைப்பை. சொல்லுங்க பார்ப்போம்.

#7 வைகைக்காற்று | 2025 ஜூன் 8

நான் 84 கிலோ, 185 பவுண்டு. அவங்க 137. பை 15. கூட்டினா 337. 472-ல 337 போனா 135! டேங்கு சரியா நிறையுது!

#8 தட்டாரப்பூச்சி | 2025 ஜூன் 8

நிறையுது, ஒரு இட்லி டப்பாவுக்குக் கூட இடம் விடாம. இதே உங்க நண்பர் ஒருத்தர் 203 பவுண்டு இருக்கார்னு வைங்க. பை இல்லாம ரெண்டு பேரும் 388. எரிபொருளுக்கு மிச்சம் 84 பவுண்டு, 14 காலன். மணிக்கு 6 காலன்னு போட்டா ரெண்டு மணி இருபது நிமிஷம். பகல்ல அரை மணி நேர ரிசர்வ் கட்டாயம், அதைக் கழிச்சா ஒண்ணே முக்கால் மணி சொச்சம். எதிர்க்காத்து வந்தா ஹைவேயில கார் உங்களை முந்தும். மிகையாச் சொல்லல, நான் பார்த்துக்கிட்டே வந்திருக்கேன்.

அடுத்தது வெயில். டல்லாஸ்ல ஓடுதளம் 600 அடி உயரம்னு வைங்க, 38 டிகிரி வெயில் அடிச்சா இறக்கைக்கும் என்ஜினுக்கும் அது சுமார் 3,500 அடி உயரம் மாதிரிதான். 150-க்கு நூறு குதிரைத்திறன். புதுசுல, கடல் மட்டத்துல, முழு எடையில நிமிஷத்துக்கு 670 அடி ஏறும்னு புத்தகம் சொல்லுது. பழைய என்ஜின், பழைய புரொப்பெல்லர், ஆகஸ்ட் மத்தியானம். பாதி ஏறினா சந்தோஷம்.

இன்னும் ஒண்ணு. நீங்க ஓட்டற 152-ல ஃப்ளாப் (இறங்கறப்ப இறக்கைக்குப் பின்னாடி கீழ மடங்கற பலகை) 30 டிகிரியோட நிக்கும். 150-ல 40 டிகிரி வரை இறங்கும். கூரை மேலருந்து கல்லு விழற மாதிரி இறங்கலாம், குட்டி ஓடுதளத்துக்கு அருமை. ஆனா 40-ஐ விட்டுட்டு "இறங்க வேண்டாம், சுத்தி வர்றேன்"னு திராட்டிலை (என்ஜின் வேகத்தைக் கூட்டற பிடி) தள்ளினா அது ஏறத் திணறும். தள்ளின கையோட ஃப்ளாப்பை 20-க்கு எடுக்கணும். 152-லருந்து வர்றவங்க மறக்கிற இடம் இதுதான்.

உள்ள உட்கார்ற இடத்தோட அகலம் சுமார் 39 அங்குலம். ரெண்டு பெரியவங்க உட்கார்ந்தா தோளும் தோளும் உரசும். கல்யாணமானவங்களுக்குப் பிரச்சினையில்ல, இல்ல, அவங்களுக்குத்தான் பிரச்சினை, தெரியல.

#9 கொங்குத்தும்பி | 2025 ஜூன் 9

வணக்கமுங்க. கலிஃபோர்னியாவுல ஏ அண்ட் பி மெக்கானிக்கா, அதாவது சான்று வாங்கின விமான மெக்கானிக்கா இருக்கறேன். 150-ங்களோட வயித்துக்கடியில படுத்தே என்ற முதுகு போயிருச்சு. அந்த விளம்பரத்தைப் பத்தி ஒரே ஒரு கேள்வி கேக்கறனுங்க. ஓவர்ஹால் ஆகி 1,120 மணின்னு போட்டிருக்கு. எந்த வருஷம் ஓவர்ஹால்?

#10 வைகைக்காற்று | 2025 ஜூன் 9

விற்கிறவருக்கு ஃபோன் பண்ணிக் கேட்டேன். 1994.

#11 கொங்குத்தும்பி | 2025 ஜூன் 9

ஆச்சுங்களா. 150-ல இருக்கற காண்டினென்டல் ஓ-200 என்ஜினுக்கு 1,800 மணி இல்லாட்டி 12 வருஷம், எது முந்துதோ அப்ப ஓவர்ஹால் பண்ணுங்கன்னு கம்பெனி சொல்லுது. சொந்தத்துக்கு ஓட்டறவனுக்கு அது கட்டாயமில்லீங்க. ஆனா 31 வருஷத்து ரப்பரும் சீலும் கட்டாயம் பார்த்துட்டு இருக்காது. அடுத்தது, லாக் புக்குல கடைசி பத்து வருஷம் எத்தனை மணி ஓடிச்சுன்னு கூட்டிப் பாருங்க. வருஷத்துக்கு அஞ்சு ஆறு மணின்னா அது ஓடின என்ஜின் இல்லீங்க, கிடந்த என்ஜின். மணி கம்மின்னு சந்தோஷப்படற விஷயமில்ல அது.

இதுல ஓ-200-க்கு ஒரு நல்ல குணம் இருக்குதுங்க. கேம்ஷாஃப்ட் (வால்வைத் திறக்கற தண்டு) கிராங்குக்குக் (பிஸ்டன் சுத்தி விடற தண்டு) கீழ இருக்கறதால கொஞ்சம் எண்ணெய்ப் பசையோட இருக்கும். 152-ல இருக்கற லைகமிங் என்ஜின்ல அது மேல இருக்கு. மாசக்கணக்குல கிடந்தா எண்ணெய் வடிஞ்சு துரு புடிக்கும்.

கம்ப்ரஷன் டெஸ்ட்டுல (சிலிண்டருக்குள்ள 80 அழுத்தத்துல காத்தை ஏத்தி எவ்வளவு நிக்குதுன்னு பார்க்கறது) 80-க்கு எவ்வளவுன்னு நம்பரை மட்டும் கேக்காதீங்க. காத்து எங்கே போகுதுன்னு கேளுங்க. எக்ஸாஸ்ட் குழாய்ல காதை வச்சா "உஸ்ஸ்"னு வந்தா வால்வு. ஆயில் ஊத்தற வாய்ல வந்தா பிஸ்டன் ரிங்கு. ரெண்டுக்கும் செலவு வேற வேற.

சீட்டு ஓடற தண்டவாளத்தைப் பார்க்கச் சொல்லுங்க. துளை தேய்ஞ்சு நீளமாயிருந்தா, இல்ல பின்னு சரியா இறங்காட்டி, டேக்-ஆஃப்ல சீட்டு சர்ருனு பின்னாடி போகும். கையில இருக்கறது யோக், விமானத்தோட ஸ்டியரிங். உடம்போட சேர்ந்து அதுவும் பின்னாடி வரும், மூக்கு வானத்தைப் பார்க்கும். அதுக்கப்புறம் உயரம் போதாதுங்க. இதுக்காகவே எஃப்ஏஏ (அமெரிக்க விமானத் துறை) உத்தரவு இருக்கு, நம்பர் 2011-10-09. லாக் புக்குல அந்த நம்பர் வருஷாவருஷம் வருதான்னு விரல் வச்சுப் பாருங்க.

முக்கியமானது: விற்கிறவரோட மெக்கானிக்கைக் கூப்பிடாதீங்க. அந்த விமானத்தை இதுவரைக்கும் தொடாத ஆளுக்கு 500, 600 குடுங்க. 29,500 போடறவரு அதை மிச்சம் புடிக்கக் கூடாது.

#12 வடலி | 2025 ஜூன் 10

நான் கனடாவில மார்க்கம் எண்ட ஊரில இருக்கிறன். என்னட்டையும் ஒரு 150 இருக்கு, 1972 மொடல். கொங்குத்தும்பி அண்ணை சொன்னதோட இன்னொண்டையும் பாருங்கோ, வாலில சுக்கான் நிக்கிற கட்டை. 1998-ல கியூபெக்கில பயிற்சிக்குப் போன 152 ஒண்டு சுழலுக்க (சுத்திச் சுத்திக் கீழ விழுறது, ஸ்பின்) போய் வெளியில வரேல்லை. சுக்கான் அளவுக்கு மிஞ்சிப் போய் அங்கேயே இறுகிக்கொண்டது எண்டு விசாரணையில கண்டவை. பிறகு புதுக் கட்டை போடு, இல்லாட்டி வேணுமெண்டு சுழல் செய்யாத எண்டு பலகை ஒட்டு எண்டு அமெரிக்காவும் உத்தரவு போட்டது. நீங்கள் வாங்கிறதில எது செய்திருக்கு எண்டு பாருங்கோ.

இஞ்சை எங்களுக்கு ஒரு வசதி. பழைய சின்ன விமானங்களைச் சொந்தக்காரரே பராமரிக்கிற வகைக்கு மாத்தலாம். 150-உம் அந்தப் பட்டியலில இருக்கு. நானே வேலை செய்து நானே கையெழுத்து வைப்பன். ஆனா அப்பிடி மாத்தினால் அமெரிக்க எல்லைக்குள்ள பறக்கேலாது, திரும்பப் பழைய வகைக்குக் கொண்டு வாறதும் பெரும்பாடு. விக்கேக்கையும் விலை விழும். நான் மாத்தேல்லை. அமெரிக்காவில, பஃபலோவில மச்சான் இருக்கிறார்.

எனக்குக் காசை விட இடம்தான் தலையிடி. பட்டன்வில் விமான நிலையம் வீட்டிலயிருந்து பத்து நிமிசம். 2023 நவம்பர் கடைசியோட அதை மூடிட்டினம். இப்ப பீற்றர்பறோவுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல கார் ஓடிப்போய், ஒரு மணித்தியாலம் பறந்துபோட்டு, திரும்ப ஒரு மணித்தியாலம் காரில வாறன். மாசி மாசம் எண்டால் அதுக்கு முதல் என்ஜினுக்கு ரெண்டு மணித்தியாலம் சூடு காட்ட வேணும். விமானம் வாங்க முதல் அதைக் கட்டுற இடத்தைப் பிடியுங்கோ தம்பி.

#13 கரிசல்குருவி | 2025 ஜூன் 10

வடலி சொல்லுததை வழிமொழியுதேன். டல்லாஸ்ல இன்னொரு சங்கடம், ஆலங்கட்டி. வசந்த காலத்துல கோலிக்குண்டு சைசுல விழும். அலுமினிய இறக்கை அம்மை போட்ட மூஞ்சி மாதிரி ஆயிரும். அங்கன வெளியில கட்டுதது எனக்கு மனசு வரல. ஹேங்கர்னா என்னோட 95 டாலர் கணக்கு உங்களுக்குச் செல்லாது, நாலு மடங்கு கூடப் போகும். அதுக்கும் காத்திருக்கிறவங்க வரிசை இருக்கும். ஏடிஎஸ்-பி வேற. டிஎஃப்டபிள்யூ, அதான் டல்லாஸ் பெரிய விமான நிலையத்தைச் சுத்தி 30 நாட்டிகல் மைலுக்குள்ள 2020-லருந்து அது இல்லாமப் பறக்க முடியாது. இறக்கை நுனி விளக்கு இல்லாட்டி வால் விளக்குக்குப் பதிலா மாட்டுத மாதிரி வருது. ஆனாலும் ஆயிரக்கணக்குல செலவு.

#14 நிலாப்பயணி | 2025 ஜூன் 11

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். பழசுல இத்தனை தொல்லைன்னா புதுசா ரெண்டு சீட்டு வாங்கினா என்ன?

#15 கொங்குத்தும்பி | 2025 ஜூன் 11

செஸ்னாவே அதைச் செஞ்சு பார்த்துச்சுங்க. 152-ஐ 1985-ல நிறுத்தினாங்க. 2007-ல ஸ்கைகேட்சர் 162-ன்னு புதுசு அறிவிச்சு, விலை 1,09,500 டாலர்னு சொன்னாங்க. சைனாவுல ஷென்யாங்ல வச்சுச் செஞ்சும் கட்டுபடியாகல. விலை ஒன்றரை லட்சத்துக்கு ஏறுச்சு. 2013-ல கையைக் கழுவிட்டாங்க. விற்காம மிச்சமிருந்ததை 2016-ல உடைச்சே போட்டாங்க. புது விமானத்தை நொறுக்கற படத்தைப் பார்த்து ஒரு நாள் முழுக்கச் சோறு இறங்கல எனக்கு. 150 மட்டும் இருபது வருஷத்துல 24,000-க்குக் கிட்ட செஞ்சாங்க. அதனாலதான் உதிரி பாகம் இன்னும் கிடைக்குது, விலையும் இன்னும் தாங்குது.

#16 அரைடிக்கெட் | 2025 ஜூன் 11

வைகைக்காற்று, எல்லாரும் ரிங்கு, வால்வு, சீட்டுன்னு பேசறாங்க. நான் ஒண்ணு கேட்கறேன். நீங்க என்ன விசாவுல இருக்கீங்க?

#17 வைகைக்காற்று | 2025 ஜூன் 11

எச்1பி. ஏன்? லைசென்ஸ் எடுக்கும்போது டிஎஸ்ஏ (போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை) அனுமதி எல்லாம் வாங்கித்தான் படிச்சேன். ஒரு பிரச்சினையும் வரலையே.

#18 அரைடிக்கெட் | 2025 ஜூன் 11

ஓட்டறதுக்குப் பிரச்சினையே இல்ல. வாடகைக்கு எடுக்கலாம், கிளப்ல சேரலாம். ஆனா உங்க பேர்ல என்-நம்பர் (அமெரிக்க விமானப் பதிவு எண்) பதிவு பண்ண முடியாது. தனி ஆள் பேர்ல பதியணும்னா அமெரிக்கக் குடியுரிமை வேணும், இல்லாட்டி கிரீன் கார்டு வேணும். எச்1பி ரெண்டுலயும் சேராது. சேர்ந்து வாங்கினாலும் பங்குதாரர் அத்தனை பேரும் அப்படி இருக்கணும்.

எனக்கு எப்படித் தெரியும்? 2019-ல நியூ ஜெர்சியில ஒரு 150-க்கு முன்பணம் குடுத்துட்டு, ஒக்லஹோமா சிட்டியில இருக்கற எஃப்ஏஏ பதிவு அலுவலகத்துக்கு அனுப்பற விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தேன். பதிவுக் கட்டணம் வெறும் 5 டாலர். ஆகா, எவ்வளவு சுலபம்னு நெனச்சுக்கிட்டே படிவத்துல குடியுரிமை கட்டத்துக்கு வந்தேன். பேனா அங்கேயே நின்னுடுச்சு. முன்பணம் போனது போனதுதான், விற்கிறவர் மேல தப்பே இல்ல.

டிரெட்மில் கிண்டலுக்கு மன்னிச்சுக்குங்க. அது என் டிரெட்மில்லைப் பத்தினது.

#19 வைகைக்காற்று | 2025 ஜூன் 11

எல்எல்சி, அதாவது சின்னதா ஒரு கம்பெனி ஆரம்பிச்சு அது பேர்ல வாங்கினா?

#20 அரைடிக்கெட் | 2025 ஜூன் 12

எல்லாருக்கும் முதல்ல தோணறது அதுதான். கம்பெனி அமெரிக்கக் குடிமகன்னு கணக்குல வரணும்னா தலைவர் அமெரிக்கரா இருக்கணும், நிர்வாகிகள்ல மூணுல ரெண்டு பங்கும் அமெரிக்கர், ஓட்டுரிமையில 75 சதவீதம் அமெரிக்கர் கையில. நீங்களே முதலாளின்னா தேறாது. வெளிநாட்டார் நடத்தற கார்ப்பரேஷனுக்கு ஒரு வழி இருக்கு. விமானம் இங்கயே இருக்கணும், பறக்கிற மணியில குறைஞ்சது 60 சதவீதம் இங்கதான்னு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கணக்குக் காட்டணும். இன்னொண்ணு டிரஸ்ட். அமெரிக்க டிரஸ்டி பேர்ல விமானம், அனுபவிக்கிறது நீங்க. ஜெட் வாங்கறவங்க அதைச் செய்வாங்க. 29,500 டாலர் 150-க்கு வருஷாவருஷம் டிரஸ்டிக்குக் கூலி குடுத்தா, அண்ணா போட்ட 4,220-க்கு மேல இன்னொரு தின்னி சேரும். வக்கீலைப் பார்க்காம இதுல எதையும் செய்யாதீங்க.

#21 வடலி | 2025 ஜூன் 12

இஞ்சையும் உதுதான் கதை. குடியுரிமை, இல்லாட்டி நிரந்தர வதிவிடம். நான் வந்து பதினாலு வருசத்துக்குப் பிறகுதான் வாங்கினனான்.

#22 வைகைக்காற்று | 2025 ஜூன் 12

கிரீன் கார்டு வரிசையில என் இடத்தைக் குறிக்கிற பிரயாரிட்டி தேதி 2018. கிரீன் கார்டு என் கைக்கு வர்றப்ப அந்த 150ஜே அருங்காட்சியகத்துல இருக்கும், நானும் பக்கத்துலயே நிப்பேன்.

விற்கிறவருக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேன். நல்ல மனுஷன். "காகிதம் சரியாகட்டும், விமானங்கள் எங்கேயும் போயிடாது"ன்னார்.

#23 நெறியாளர் | 2025 ஜூன் 13

குடியேற்றக் கொள்கை பற்றிய ஒன்பது பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே விமானம் மட்டும், தயவுசெய்து.

#24 கரிசல்குருவி | 2025 ஜூலை 24

இழையை எழுப்புததுக்குக் காரணம் இருக்கு. ஆஷ்காஷ் விமானத் திருவிழாவுல 22-ஆம் தேதி மொசைக்னு எஃப்ஏஏ-வோட புது விதியை அறிவிச்சிட்டாங்க. ஸ்போர்ட் பைலட் (சின்ன விமானத்துக்குள்ள எளிய வகை லைசென்ஸ்) ஓட்டுத விமானத்துக்கு முன்ன 1,320 பவுண்டுதான் எல்லை. அதனால 1,600 பவுண்டு 150 வெளியில நின்னுச்சு. கொடுமை என்னன்னா, கனம் கம்மியா இருந்த புது விமானங்கள் சிலது 150-ஐ விட ஓட்டக் கஷ்டம். இப்ப எடையை எடுத்துட்டு ஸ்டால் வேகத்தை (அதுக்குக் கீழ போனா இறக்கை தாங்காது) வச்சிட்டாங்க. ஃப்ளாப் போடாம 59 நாட் (மணிக்கு 59 நாட்டிகல் மைல்) வேகத்துக்குள்ள இருக்கணும். 150-க்கு 48 பக்கம்தான். அக்டோபர் 22-லருந்து அமல்.

எனக்கு வயசு 66. சர்க்கரை மாத்திரை போடுதேன். ஒவ்வொரு தடவையும் மெடிக்கல் டாக்டர் முன்னால உக்காந்திருக்கப்ப பள்ளிக்கூடத்துல ரேங்க் கார்டு நீட்டுத மாதிரி இருக்கும். இனி ஸ்போர்ட் பைலட் கணக்குல 150-ஐ ஓட்ட மெடிக்கலுக்குப் பதிலா கார் லைசென்சே போதும், கடைசியா எழுதின மெடிக்கல் மறுக்கப்படாம இருந்தாச் சரி. அதனால மறுத்துருவாங்கன்னு சந்தேகம் இருக்கவங்க இனிமே போய் எழுதி மாட்டிக்கிடாதீங்க.

#25 தட்டாரப்பூச்சி | 2025 ஜூலை 24

வாழ்த்துகள் அண்ணா. ஆனா உடம்பு சரியில்லன்னு தோணற அன்னைக்குப் பறக்கக் கூடாதுங்கற விதி அப்படியேதான் இருக்கு. அதை இப்ப டாக்டர் சொல்ல மாட்டார், நீங்கதான் சொல்லிக்கணும். இனி 150 விலை ஏறும்னும் தோணுது.

#26 கொங்குத்தும்பி | 2025 ஜூலை 25

ஏறுமுங்க. கூடவே பெட்ரோல் கதையும் ஓடிட்டு இருக்கு. ஓ-200-ஐ 80 ஆக்டேன் காலத்துல செஞ்சாங்க. இப்ப விமானத்துக்கு ஊத்தற 100எல்எல் பெட்ரோல்ல இருக்கற ஈயம் அதுக்கு அதிகம். பிளக்குல ஈயக் குண்டுமணி உருண்டு உக்காரும். தரையில ஓடறப்பவே மிக்ஸ்சரை (காத்தோட கலக்கற பெட்ரோல் அளவு) நல்லா இழுத்துக் குறைச்சு வச்சா பாதித் தொல்லை தீரும். எத்தனால் கலக்காத கார் பெட்ரோல் ஊத்தறதுக்கு 1982-லயே 150-க்கு அனுமதி வாங்கினாங்க. எத்தனால் கலந்தது மட்டும் ஆகவே ஆகாதுங்க. சான் ஹொசே ரீட்-ஹில்வியூவுல விமான நிலையத்துல 2022 ஜனவரி 1-ல ஈயம் கலந்ததை விக்கறதை நிறுத்திட்டாங்க. அந்தப் பக்கம் நம்ம சனம் எத்தனை குடும்பம் பிள்ளைகளோட இருக்குதுன்னு உங்களுக்கே தெரியும். விமானிகள் முணுமுணுத்தாங்க. எனக்கும் அங்க வேலை போச்சு. ஆனா மூச்சு விடறவங்க பக்கம்தான் நான்.

#27 வைகைக்காற்று | 2025 நவம்பர் 9

எல்லாருக்கும் ஒரு தகவல். போன சனிக்கிழமை கரிசல்குருவி அண்ணாவோட 150எம்-ல பறந்தேன்.

காலையிலயே கிளம்பி நாலு மணி நேரம் கார் ஓட்டிப் போனேன். வீட்டுல ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய இட்லி, மிளகாய்ப்பொடி எண்ணெய் விட்டு. அண்ணா அதை வாங்கி, மீன் எடை போடற ஸ்பிரிங் தராசுல மாட்டினார். 7 பவுண்டு. "ஒரு காலனுக்கு மேல"ன்னார். பாதியை அங்க நின்ன மெக்கானிக்குக்குக் குடுத்துட்டுத்தான் ஏறினோம். அந்த மனுஷன் முதல்ல கரண்டியால வெட்டிச் சாப்பிட்டார், ரெண்டாவது இட்லிக்குக் கையைக் கழுவிட்டு வந்தார்.

நான் ஓட்டற 152-க்கும் இதுக்கும் வித்தியாசம் சின்னதுதான். ஆனா அண்ணா கதவைத் திறந்து சீட்டைப் பிடிச்சு முன்னும் பின்னும் நாலு தடவை ஆட்டிப் பார்த்தார். பெட்ரோல் முள்ளை நம்பாம, இறக்கை உயரத்துக்கு ஏறி டேங்குக்குள்ள குச்சியை விட்டு அளந்தார். அடியில வடிச்சுப் பார்த்த பெட்ரோலை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சார். வாடகை விமானத்துல நானும் இதெல்லாம் செய்வேன், ஆனா பட்டியல்ல டிக் போடறதுக்காக. அவர் செய்றது மாட்டுக்குத் தண்ணி காட்டற மாதிரி இருந்துச்சு.

திரும்பி வர்றப்ப லேசா மேகம், ஈரக்காத்து. அவர் ஒண்ணும் சொல்லாம கார்பரேட்டர் ஹீட்டை (கார்பரேட்டருக்குச் சூடான காத்தை விடற குமிழ்) இழுத்தார். என்ஜின் ரெண்டு தடவை இருமிட்டுச் சரியாச்சு. கார்பரேட்டருக்குள்ள ஐஸ்! வெளியில 15 டிகிரி இருக்கும்.

#28 தட்டாரப்பூச்சி | 2025 நவம்பர் 9

15 டிகிரியும் ஈரமும்தான் அதுக்குப் பிடிச்ச வேளை. ஓ-200-ல கார்பரேட்டர் என்ஜினுக்குக் கீழ தனியாத் தொங்கும். லைகமிங்குல சூடான ஆயில் தொட்டியோட ஒட்டியிருக்கும். 152-ல பழகினவங்களுக்கு இது தெரியாமலே போயிடும். நல்ல பாடம் கிடைச்சுது உங்களுக்கு.

#29 அரைடிக்கெட் | 2025 நவம்பர் 10

அப்ப என்ன முடிவு? வாடகையா?

#30 வைகைக்காற்று | 2025 நவம்பர் 10

ஒரு கிளப்ல சேர்ந்துட்டேன். விமானம் கிளப்போடது, நான் உறுப்பினர் மட்டும், அதனால என் விசாவை யாரும் கேட்கல. 152 ஒண்ணு, பன்னெண்டு பேரு. மாசம் 85, பறந்தா மணிக்கு 98. ஜூலையிலருந்து 27 மணி ஆயிடுச்சு. அஞ்சு மாசக் கணக்கைப் போட்டா வாடகையை விட மிச்சம் கொஞ்சம்தான். ஆனா சாயந்தரம் ஏழு மணிக்குப் போய் எடுக்க முடியுது. வீட்டுலயும் ஒரு தடவை ஏறினாங்க. இறங்கி வந்து, "சத்தம்தான் ஜாஸ்தி"ன்னு மட்டும் சொன்னாங்க. அடுத்த வாரம் எங்க போறோம்னு அவங்களேதான் கேட்டாங்க.

#31 வடலி | 2025 நவம்பர் 10

நல்ல காதுக்கருவி ஒண்டு வாங்கிக் குடுங்கோ தம்பி. விமானத்தை விட அதுதான் முதல் வாங்க வேண்டியது.

#32 கரிசல்குருவி | 2025 நவம்பர் 11

தம்பி, ஜனவரி ரெண்டாவது வாரம் எனக்கு வருஷாந்திர சோதனை. மெக்கானிக்குக்கு மூடி கழட்டுத வேலையை நானே செஞ்சு குடுத்துருவேன், அதுல கூலி கொஞ்சம் மிச்சம். வயித்துல, இறக்கைக்கு அடியில, சீட்டுக்குக் கீழன்னு எங்க பார்த்தாலும் ஸ்குரு. என் முழங்கால் முன்ன மாதிரி மடங்க மாட்டேங்குது. உள்ள எப்படி இருக்குன்னு பார்த்துக்கிட்டீங்கன்னா நாளைக்கு வாங்குதப்ப யாரும் உங்களை ஏமாத்த முடியாது. வர்றதா இருந்தா பழைய சட்டை போட்டுட்டு வாங்க. பிலிப்ஸ் ஸ்குரு டிரைவர் ரெண்டாம் நம்பர், முனை மழுங்காதது. டார்ச் எங்கிட்ட இருக்கு.

#33 வைகைக்காற்று | 2025 நவம்பர் 11

வர்றேன் அண்ணா. வெள்ளிக்கிழமை ராத்திரியே வந்துடறேன்.